மார்பா, மணிக்கட்டா, மேல்கையா? இதயத் துடிப்பு மானிட்டர் வாங்கும் முன்

போன சித்திரையில் மச்சானோடு சென்னிமலைக்குப் படியேறிப் போனேன். 1320 படி. முக்கால்வாசி ஏறியதும் அவர் நின்றுவிட்டார், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, பேச வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, ஆனால் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட்வாட்ச் 94 என்று காட்டியது. "மாப்ள, வாட்ச் இன்னும் ஏறலாங்குது, காலு ஆகாதுங்குது" என்றார். அவர் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 38 துடிப்பு. நாலால் பெருக்கினால் 152. ஐம்பது வயது மனிதருக்கு 94 என்றால் சும்மா உலாத்துவது, 152 என்றால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டியது. உட்கார வைத்தேன்.

அந்த வாட்ச் கெட்டுப்போனதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் விரல் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. படியேறும்போது அவர் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் கையை ஊன்றி ஊன்றி ஏறினார், மணிக்கட்டு மடங்கிக்கொண்டே இருந்தது, வாரும் தளர்வு, சென்சார் தோலை விட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தது. அதனால் எந்த மானிட்டர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீங்கள் உடற்பயிற்சி செய்யும்போது உங்கள் மணிக்கட்டு என்ன செய்துகொண்டிருக்கிறது? கம்பெனி பெயரும் விலையும் அதற்கப்புறம்.

அளக்கும் வழி இரண்டுதான். மார்பில் கட்டும் பட்டை, இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின்துடிப்பைத் தோலிலிருந்தே பிடிக்கிறது, ஈசிஜி எடுப்பது போல. வாட்ச்சும் மேல்கைப் பட்டையும் அப்படி இல்லை. பச்சை விளக்கைத் தோலுக்குள் அடித்து, ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகின்றன. இதயத்தை நேராகக் கேட்பதற்கும், அது அனுப்பிய ரத்தம் கை வரைக்கும் வந்து சேர்ந்ததைப் பார்த்து ஊகிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. கை ஆடினால் அந்த ஆட்டமும் வெளிச்சத்தை மாற்றும், எது ஆட்டம் எது துடிப்பு என்று கருவிதான் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரிக்கத் தெரியாமல் போவதில் மோசமானது ஓடும்போது வருவது. நிமிடத்துக்கு 160, 170 அடி வைத்து ஓடுகிறவர் கையும் அதே தாளத்தில் ஆடும். சென்சார் அந்தத் தாளத்தையே துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும். மெதுவாகத்தான் ஓடுவீர்கள், வாட்ச் 168 காட்டும், பயந்துபோய் வேகத்தை இன்னும் குறைப்பீர்கள், அப்போதும் 168. எண் துடிப்போடு மாறாமல் காலடியோடு மட்டும் மாறினால் இதுதான் நடக்கிறது.

எனக்குப் பொள்ளாச்சி. விடியக்காலையில் ஆழியாறு வரைக்கும் சைக்கிள், வாரத்தில் ஒரு நாள் வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஏறி, அங்கிருந்து அணையைப் பார்த்துவிட்டு இறங்குவது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோபாலபுரம் போகும் வழியில் எதிர்காற்றில் 18 கிலோமீட்டர் வேகத்துக்கே நாக்குத் தள்ளும், திரும்பி வரும்போது அதே உழைப்பில் 32 வரும். வேகத்தை வைத்துப் பயிற்சி செய்தால் அந்த இரண்டு மாதமும் கணக்கு தப்பு. நான் துடிப்பைப் பார்க்க ஆரம்பித்ததே அந்தக் காற்றால்தான்.

ஒரு நாள் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனேன்: மார்பில் பட்டை, வலது மேல்கையில் ஆர்ம்பேண்ட், இடது மணிக்கட்டில் வாட்ச். ஆழியாறு வரை சமவெளியில் மூன்றும் மூன்று நான்கு எண்ணுக்குள் ஒத்துப்போயின. மேட்டில் எழுந்து நின்று மிதித்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபோது பட்டை 162, ஆர்ம்பேண்ட் 160, வாட்ச் 127. ஒரு வளைவு தாண்டி உட்கார்ந்து மிதித்ததும்தான் வாட்ச் மெல்ல மேலே வந்தது. 30 விநாடி முழு வேகம், ஒரு நிமிடம் இளைப்பாறல் என்று மாற்றி மாற்றிச் செய்தபோது பட்டை உடனுக்குடன் ஏறி இறங்கியது, ஆர்ம்பேண்ட் சில விநாடி பின்னால் வந்தது, வாட்ச் ஏறி முடிப்பதற்குள் நான் இளைப்பாறத் தொடங்கியிருந்தேன்.

ஆகத் துல்லியம்தான் வேண்டும் என்றால் மார்புப் பட்டையை மிஞ்ச இன்னும் ஒன்றும் வரவில்லை. பின்லாந்தில் 1977-இல் தொடங்கிய போலார் கம்பெனி பனிச்சறுக்கு வீரர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த யோசனை அது, இன்றும் மற்ற கருவிகளைச் சோதிக்கப் பெரும்பாலும் போலார் எச்10 பட்டையைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். எச்10 ஒரே நேரத்தில் இரண்டு ப்ளூடூத் இணைப்பு கொடுக்கும், போன் இல்லாமலே ஒரு பயிற்சியைத் தனக்குள் பதிந்து வைக்கும். அதன் தம்பி எச்9-இல் இந்த இரண்டும் கிடையாது, விலை குறைவு, துடிப்பை அளப்பதில் குறையில்லை. கார்மின், வாஹூ பட்டைகளும் நல்லவை. கூஸ்போ, மஜீன் என்று வரும் சீனப் பட்டைகள் விலையில் பாதியும் இருக்காது. என்னிடம் இருக்கும் ஒன்று துடிப்பைச் சரியாகவே சொல்கிறது, துணிப் பட்டைதான் சீக்கிரம் தொய்ந்துவிட்டது. முன்பக்கத்துச் சென்சார் குமிழ் தனி, துணி தனி என்பதால் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டைக்குச் சில பழக்கம் வேண்டும். கட்டும் முன் உள்பக்கத்து ரப்பர் பகுதியைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த தோலில் கட்டினால் முதல் சில நிமிடம் ஏதேதோ எண் வரும், வேர்வை வந்ததும் சரியாகிவிடும். பங்குனி, சித்திரையில் வீட்டு வாசல் தாண்டுவதற்குள் வேர்த்துவிடுவதால் கவலையில்லை, மார்கழிக் காலையில் நனைக்காமல் போனால் 200-க்கு மேல்கூடக் காட்டும். லூசான பாலியஸ்டர் சட்டை காற்றில் படபடத்தாலும் அப்படிப் பைத்தியம் பிடித்த எண் வரும். வந்ததும் குமிழைக் கழற்றிவிட்டுத் துணியை அலச வேண்டும். ஈரத்தோடு மாட்டியே வைத்தால் இன்னும் உடம்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும், நம் வேர்வை உப்பு பித்தான்களையும் அரித்துவிடும். பேட்டரி காசு மாதிரி வட்டமானது, பலவற்றுக்கு சிஆர் 2032, எச்10-க்கு 2025, ஊர் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

இவ்வளவு சொன்னாலும் எல்லோருக்கும் பட்டையை வாங்கச் சொல்ல மாட்டேன். என் மனைவிக்கு இரண்டு வாரத்தில் மார்புக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது, உள்ளாடைப் பட்டியும் இதுவும் ஒரே இடத்தில் அழுத்துவதால். வாட்ச்சையே கட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போனார். "ஏனுங்க, நடக்கறப்ப 120 காட்டுது, டம்பெல் தூக்கறப்ப 85-ன்னு காட்டுதே" என்று கேட்டார். டம்பெல்லை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசையும் நரம்பும் விறைக்கின்றன, மணிக்கட்டில் ரத்தம் வழக்கம்போல ஏறி இறங்காது, வாரும் நகரும். பளு தூக்குவது, சைக்கிள் கைப்பிடி, தண்டால், கர்லா எல்லாமே மணிக்கட்டு சென்சாருக்கு ஆகாத வேலைகள்.

அவருக்கு ஆர்ம்பேண்ட் வாங்கிய பிறகு இந்தப் பேச்சே இல்லை. மேல்கையில் சதைப்பற்று அதிகம், எலும்பு முண்டு இல்லை, மடங்காது, ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். அதே பச்சை விளக்கு இங்கே நன்றாக வேலை செய்கிறது. போலார் வெரிட்டி சென்ஸ் ஒரு சார்ஜில் 30 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கம்பெனி, மலிவில் கூஸ்போவும் மேல்கைப் பட்டை போடுகிறது. குறை என்று சொன்னால், சார்ஜ் போட மறந்தால் அன்றைக்குப் பயிற்சிக் கணக்கு போச்சு, சில விநாடி தாமதம் உண்டு, துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியை நுணுக்கமாக ஆராய்கிறவர்களுக்கு இது போதாது. நாம் பெரும்பாலும் அதை ஆராய்வதில்லை. பந்தயத்துக்குத் தயாராகிறவர் என்றால் பட்டை, மற்ற எல்லோருக்கும் ஆர்ம்பேண்ட் என்பதுதான் என் கட்சி.

அப்படியானால் வாட்ச்? நடைப்பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் காலையில் கையை இயல்பாக வீசி நடக்கிறவருக்கு இன்னொரு கருவிக்குச் செலவே வேண்டாம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்திக்கொள்ளுங்கள். கருத்த தோலுக்கு இது வேலை செய்யாது என்று பலர் சொல்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நிறத் தோலில் வாட்ச்களைச் சோதித்தபோது நிறத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை, உடல் அசைவால்தான் பிழை கூடியது. ஆனால் பச்சை குத்தியிருந்தால் கவனம், எங்கள் அப்பத்தா தலைமுறையில் முன்கை முழுக்கக் கோலம் இருக்கும், அந்த மையின் மேல் சென்சார் உட்கார்ந்தால் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும்.

வாங்கும்போது இணைப்பையும் பாருங்கள். பட்டையும் ஆர்ம்பேண்டும் பொதுவான ப்ளூடூத் முறையில் பேசுவதால் ஒரு கம்பெனி பட்டையை இன்னொரு கம்பெனி சைக்கிள் கம்ப்யூட்டரோடு சேர்க்க முடிகிறது. ஏஎன்டி பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு முறையும் இருந்தால் எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே பட்டையைக் கேட்கலாம், ஆனால் பெரும்பாலான போன்களில் அது இல்லை. மலிவு வாட்ச்கள் பெரும்பாலும் தங்கள் எண்ணைத் தங்கள் செயலிக்குத் தவிர வேறு யாருக்கும் கொடுக்காது.

எண் சரியாக வந்த பிறகு அதை எதோடு ஒப்பிடுவது என்பது தனிக் கதை. ஒருவருக்குத் துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று பார்க்க 220-இலிருந்து வயதைக் கழிப்பது எல்லோருக்கும் தெரியும். 2001-இல் வந்த தனாகா கணக்கு 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டுக்கும் 180-தான், 60 வயதில் ஒன்று 160, மற்றது 166. இரண்டுமே சராசரி, ஒரு தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். என் அப்பாவுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தவில்லை, பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அந்த வகை மாத்திரை துடிப்பையே ஏறவிடாமல் பிடித்து வைக்கும். "கண்ணு, உன் மெசினு 130 போகச் சொல்லுது, என்னால 105 தாண்ட முடியலயே" என்று வேகவேகமாக நடக்கப் பார்த்தவரை நிறுத்தி, டாக்டரிடம் கேட்டு அவர் சொன்ன எல்லையைத்தான் வைத்திருக்கிறோம். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கிறவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் எதையும் வாங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

எது வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சியிலேயே, நன்றாக மூச்சு வாங்கும் கட்டத்தில் சட்டென்று நின்று, நின்ற அந்த நொடியே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள், கொஞ்சம் தாமதித்தாலும் துடிப்பு இறங்கிவிடும். ஒரு துடிப்பு விட்டுப்போனாலே நாலு குறையும் என்பதால் நாலைந்து வித்தியாசத்துக்குக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். இருபது, முப்பது என்று தள்ளினால் வாரை இறுக்கி, இடம் மாற்றிக் கட்டி, இன்னொரு நாள் பாருங்கள். அப்போதும் தள்ளினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.