அப்பாவை எங்கே உட்கார வைப்பது? சயானைச் சுற்றியுள்ள பூங்காக்கள், ஒரு மகளின் கணக்கு

அம்மா போன பிறகு அப்பாவைத் தூத்துக்குடியிலிருந்து இங்கே மும்பைக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். முப்பத்தைந்து வருடம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். சாயங்காலம் ஐந்து மணியானால் கால் தானாக வாசலுக்குப் போய்விடும். அங்கே ரோச் பூங்கா, இல்லையென்றால் முத்துநகர் கடற்கரை. சட்டைப்பையில் கொஞ்சம் பொரிகடலை, பக்கத்தில் பேச்சுத்துணைக்கு இரண்டு பேர், எட்டு மணிக்கு வீடு. சயான் கோலிவாடாவில் எங்கள் ஐந்தாவது மாடி ஜன்னலில் நின்றபடி முதல் வாரமே கேட்டார்: "ஏளா, இந்த ஊர்லயும் கடல் இருக்குன்னாங்களே, எந்தப் பக்கம்?"

மும்பையில் பூங்கா, மைதானம் எல்லாவற்றையும் கூட்டி ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்கு இரண்டு சதுர மீட்டர்கூடத் தேறாது. ஒரு ஒற்றைக் கட்டில் போடுகிற இடம். அந்தக் கட்டில் இடத்தை அப்பாவுக்கு எங்கே பிடித்துக் கொடுப்பது என்று நான் எட்டு மாதம் அலைந்ததன் விளைவுதான் இந்த அலசல். 'மும்பையின் சிறந்த பூங்காக்கள்' என்று வருகிற பட்டியல்கள் எதுவும் எனக்கு உதவவில்லை. அவை போட்டோ எடுக்கப் போகிறவர்களுக்கானவை. எனக்கு வேண்டியது வேறு: முட்டிவலிக்காரர் ஸ்டேஷன் பாலம் ஏறாமல் போய்ச்சேர முடியுமா, முதுகு சாய ஒரு பெஞ்சு உண்டா, கழிப்பறை திறந்திருக்குமா, யாராவது அவரோடு நாலு வார்த்தை பேசுவார்களா. கூடவே ஏழு வயசுப் பையன் ஒருத்தன், ஓட இடம் கேட்பான்.

முதலில் சிவாஜி பார்க். தாதரில் எல்லோரும் கைகாட்டுகிற இடம் அதுதான். 1925இல் மாஹிம் பார்க் என்ற பெயரில் திறந்தது, இரண்டு வருடத்தில் சிவாஜி பெயருக்கு மாறியது. சுமார் 28 ஏக்கர். உள்ளே ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். அச்ரேகர் இங்கேதான் பயிற்சி கொடுத்தார், டெண்டுல்கர் இங்கேதான் மட்டை பிடித்தார். என் பையனுக்கு அது போதும். அப்பாவுக்குப் பிடித்தது 'கட்டா'. மைதானத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் மேலே ஓடுகிற தாழ்ந்த மதில். அதன்மேல் சாயங்காலம் தாதரில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். காலேஜ் ஜோடி, ரிடையர்டு மராத்தி மாஸ்டர், வேர்க்கடலைக்காரர் எல்லோருக்கும் அதே மதில்தான், யாரும் யாரையும் எழுப்புவதில்லை. கொஞ்சம் மேற்கே நடந்தால் கடல். அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமியை ஒட்டி, மழைநீர் கடலில் விழும் வாய்க்கால்மேல் ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றால் பாந்த்ரா பாலம் முழுசாகத் தெரியும். அப்பா முதல்முறை அங்கே நின்றபோது பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "காத்து நம்ம காத்துதான். வாடைதான் வேற."

ஆனால் போய்ச்சேருவது? ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அதற்குத் தெற்கே 'காலிபீலி' என்கிற கறுப்பு மஞ்சள் டாக்சிதான். தாதர் நெரிசலில் மீட்டர் ஓடுவதைப் பார்த்து அப்பா பாதி வழியிலேயே இறங்கி நடக்கலாம் என்பார். 'பெஸ்ட்' என்கிற மாநகரப் பஸ் உண்டு, கட்டணமும் குறைவுதான். ஆறு மணிக்கு அதில் ஏறி இறங்குவது அவர் முட்டிக்கு ஆகாது. கோடையில் மைதானத்துச் செம்மண் புழுதி கிளம்பும், சுற்றுவட்டாரத்தில் இது வருடக்கணக்கான புகார். கட்டாவுக்கு முதுகு கிடையாது. அதைவிடப் பெரியது பேச்சு. சுற்றிலும் மராத்தி. இரண்டு மாதத்தில் அப்பா 'பஸா' (உட்காருங்க), 'கஸ காய்' (எப்படி இருக்கீங்க) என்று இரண்டு சொல் கற்றுக்கொண்டார். அவ்வளவில் நின்றுவிட்டது.

ஃபைவ் கார்டன்ஸ் இதற்கு நேர் எதிர். மாட்டுங்காவுக்கும் பார்சி காலனிக்கும் நடுவில் ஐந்து துண்டாக விரிந்த தோட்டம். 1896இல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் செத்து விழுந்த பிறகுதான், காற்றும் வெளிச்சமும் இல்லாத சந்துகளை விட்டு ஊரை வடக்கே விரிக்க 1898இல் ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, சயான் மனைப்பிரிவுகள் எல்லாம் அந்தத் திட்டத்தின் குழந்தைகள். பார்சி காலனியை வகுத்த மஞ்சேர்ஜி ஜோஷி தெருவுக்கு ஒரு வகை மரம் என்று நட்டார். அவர் சிலை இன்னும் அங்கே நிற்கிறது. நிழல் என்றால் அப்படி ஒரு நிழல். ஏப்ரல் மாதம் நாலு மணிக்கே போய் உட்காரலாம். முதுகுள்ள பெஞ்சுகள் உண்டு. விஜேடிஐ, கால்சா காலேஜ் பிள்ளைகள் பக்கத்தில் கும்பலாக நின்று சாண்ட்விச் சாப்பிடுவார்கள், சத்தம் போடுவார்கள், அது ஒன்றும் தொந்தரவில்லை.

குறை என்று சொன்னால், அது நடப்பவர்களின் தோட்டம். ஷூ போட்டு, காதில் ஒயர் மாட்டி, கையை வீசிக்கொண்டு சுற்றுகிறவர்கள் பெஞ்சில் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை. அப்பா மூன்று வாரம் போய்விட்டு வந்து சொன்னார்: "அங்க எல்லாரும் அவசரமாச் சுத்துதாங்க. எங்க போகணும்னு தெரியல, ஆனா சீக்கிரம் போகணும்." ஐந்து தோட்டங்களையும் சாலைகள் வெட்டிக்கொண்டு போகின்றன என்பதால் பையனைக் கையை விட்டு அனுப்பவும் முடியாது. காற்று, நிழல், அமைதி மூன்றிலும் என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம். உட்காரும் கணக்கில் இரண்டாமிடம்தான்.

தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ஒரு தனி ரகம். 37 ஏக்கர் காடு, மித்தி ஆற்றின் கரையில். ஒரு காலத்தில் இந்த ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய மேடு அது. 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார், 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். குப்பைமேல் இப்படி ஒரு வனம் எழும்பும் என்று சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். பையனுக்கு அங்கே பட்டாம்பூச்சியும் ஓணானும் போதும், கேள்வி மேல் கேள்வி. அப்பா ஒரு வேம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடியில எங்க வயசுக் குப்பைலாம் கெடக்கும், என்னா?" என்றார்.

ஆனால் அது சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரும் இடமில்லை. டிக்கெட் எடுக்க வேண்டும், பாதை மேடுபள்ளம், காட்டுக்குள் சாயங்காலம் வேகமாக இருட்டும், கொசு வரும். தண்ணீர் வற்றும் மாதங்களில் ஆற்று வாடையும் சேர்ந்துகொள்ளும். சயான் ஸ்டேஷனடியில் அந்தப் பழைய மேம்பாலத்தை இடித்துக் கட்ட 2024 ஆகஸ்டில் மூடிய பிறகு கிழக்கிலிருந்து மேற்கே போவதே ஒரு யாத்திரையாகிவிட்டது. மாதம் ஒருமுறை, பள்ளி விடுமுறையில், காலையில். அதற்குமேல் வேண்டாம்.

ராணி பாக் பற்றி இரண்டு வரி போதும். பைகுல்லாவில் 1862இல் திறந்த தோட்டம், மிருகக்காட்சி சாலை, புதன்கிழமை விடுமுறை, பென்குயின். சயானிலிருந்து ஸ்லோ லோக்கலில் ஆறாவது ஸ்டேஷன், இரண்டு பக்கமும் படி. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் போகலாம்.

அப்பாவை உண்மையிலேயே மலர வைத்தது எந்தப் பூங்காவிலும் இல்லை. குரு தேக் பகதூர் நகரிலிருந்து ஹார்பர் லைனில் இரண்டே ஸ்டேஷன், சேவ்ரி. குளிர்காலத்தில் அங்கே சேற்றுப்பரப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். உப்பளத்துக்காரருக்குப் பூநாரை புதுசில்லை. தூத்துக்குடி அளத்தில் பாத்தி ஓரத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் கணக்கு எழுதினார். வடாலா பக்கம் இன்னும் உப்பளங்கள் மிச்சம் இருப்பதை டாக்சி ஜன்னல் வழியாகக் காட்டினேன். பாத்தியின் நிறத்தை வைத்தே இன்னும் எத்தனை நாளில் உப்பு வாரலாம் என்று டிரைவருக்குத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிதரும் உத்தரப்பிரதேச இந்தியில் தலையாட்டிக்கொண்டே வந்தார். சேவ்ரியில் ஆனால் நிற்கத்தான் முடியும். உட்கார இடமில்லை, வருடத்தில் ஆறு மாதம் பறவையும் இல்லை.

கிங் சர்க்கிள் பாலத்தடித் தோட்டத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. நானே அதை ஒரு பூங்காவாக மதித்ததில்லை. மாட்டுங்காவில் அம்பேத்கர் சாலை மேம்பாலத்துக்கு அடியில், இரண்டு பக்கமும் வண்டி உறுமும் நடுத்துண்டில், 2016இல் திறந்தார்கள். நானாலால் மேத்தா தோட்டம் என்று பெயர். பார்க்கிங்கும் குப்பையும் அந்த இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்று அந்த வட்டாரத்துக்காரர்கள் வருடக்கணக்கில் மாநகராட்சியை நச்சரித்து வாங்கியது. உள்ளே நடைபாதை நர்மதை நதி ஓடும் வளைவில் போட்டிருக்கிறது, சுமார் 600 மீட்டர். காங்கிரீட் தூண்களுக்கு நடுவே நர்மதை! முதல் நாள் அப்பா என்னை முறைத்தார்: "பாலத்துக்கு அடியில உக்காரதுக்கா என்னைய பம்பாய்க்குக் கூட்டியாந்த?"

காற்று கிடையாது. வானம் கிடையாது. ஹாரன் சத்தம், டீசல் புகை. எந்த அளவுகோலை எடுத்தாலும் இது கடைசி. ஆனால் ஜூன் மாதம் மழை பிடித்தது. சிவாஜி பார்க் சேறு, ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்செல்லாம் ஈரம், நேச்சர் பார்க் வழுக்கல். பாலத்தடியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் பூவும் வாழையிலையும் வாங்க வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி தொடங்க இன்னும் நேரமிருக்கிறது என்பவர்கள் எல்லோரும் மழைக்கு அங்கேதான் ஒதுங்குகிறார்கள். பாதிப் பேர் வாயில் தமிழ். அது பாலக்காட்டுத் தமிழ், தஞ்சாவூர்த் தமிழ், ரயில்வேயில் வேலை பார்த்த திருச்சித் தமிழ். ஒரு நாள் ஒருவர் அப்பாவிடம் "உங்க பேச்சு கேட்டா தெக்கத்தி மாதிரி இருக்கே" என்று ஆரம்பித்தார். அன்று அப்பா வீடு திரும்ப ஒன்பது மணி ஆயிற்று. நான் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டேன்.

கழிப்பறை விஷயம் எல்லா இடத்துக்கும் பொது. ஒரு தோட்டத்தில், எது என்று சொல்லப்போவதில்லை, பூட்டின கதவைக் காவலாளி திறக்கப் பத்து நிமிஷம் கெஞ்ச வேண்டியிருந்தது. சர்க்கரை நோயாளிக்குப் பத்து நிமிஷம் என்பது எவ்வளவு என்று வீட்டில் ஒருவர் இருந்தால்தான் தெரியும். அதன் பிறகு நான் புதிதாக எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

விழாக்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வருடத்தில் சில நாள் ஒவ்வொரு இடமும் வேறு இடமாகிவிடும். தூத்துக்குடியில் ஜூலை 26இல் பனிமய மாதா கோயில் கொடி ஏறி ஆகஸ்ட் 5 வரை ஊரே தெருவில் நிற்கும். எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை, அப்பாவும் வருடம் தவறாமல் போனவர். அதற்கு ஈடாக இங்கே என்ன? கணேஷ் சதுர்த்தியில் கிங் சர்க்கிளில் கௌட சாரஸ்வதர்கள் வைக்கும், தங்க நகை பூட்டிய பிள்ளையாருக்கு ஐந்து நாளும் வரிசை, பாலத்தடிப் பக்கம் போகவே முடியாது. டிசம்பர் 6ஆம் தேதி சிவாஜி பார்க்கில் கால் வைக்க இடமிருக்காது. அம்பேத்கர் நினைவுநாளுக்குச் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. மைதானம் முழுக்கப் புத்தகக் கடை, வெள்ளைப் புடவை, நீலக் கொடி. அப்பாவைக் கூட்டிப் போனேன். கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுவார் என்று நினைத்தேன். "இவ்வளவு கூட்டத்துல ஒருத்தன் சத்தம் போடல பாரு, எல்லாரும் புத்தகம்லா வாங்குதான்" என்று அதிசயப்பட்டார். 2010இல் உயர் நீதிமன்றம் அமைதி மண்டலமாக்கிய மைதானம் அது. அரசியல் கூட்டங்களுக்கு அந்த அமைதி அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது வேறு கதை.

பொங்கலுக்கு மட்டும் போட்டியே கிடையாது. தாராவி 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கும்போது புகையில் கண் எரியும், எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. நெல்லைப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் குலவை போடுவார்கள். பூங்கா கிடையாது, மைதானம் கிடையாது, வண்டி போகும் ரோடு. அப்பா அங்கே ஒரு அடுப்படியில் நின்று, கட்டி வெல்லம் எவ்வளவு போட வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒரு அம்மாளோடு சண்டை போட்டார்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்: மழை மாதம் முழுக்கப் பாலத்தடி. கோடையில் வாரநாள் ஃபைவ் கார்டன்ஸ். ஞாயிறு சிவாஜி பார்க், பையனுக்கு மட்டை, அப்பாவுக்குக் கடல், எனக்கு டாக்சிச் செலவு. போன ஞாயிறு மழை விட்டு வெயில் அடித்தது. மூன்று பேரும் கிளம்பி, டாக்சியும் பிடித்தாயிற்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா ஏறாமல் நின்றார்.

"நீயும் பிள்ளையும் கடலுக்குப் போங்க ளா. என்னைய கிங் சர்க்கிள்ல எறக்கி விட்ரு. பாலக்காட்டுக்காரருக்கு நேத்துதான் ஸ்கேன் எடுத்தாங்க. என்ன சொன்னாங்கன்னு கேக்கணும்."