மோட்டார்ஹோமில் வாட்டர் ஹீட்டர் மாற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் பின்பக்கக் கூலன்ட் ஹோஸைப் பாருங்கள்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி, வைத்திருப்பவர்களுக்கும், பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. வாட்டர் ஹீட்டர் மாற்றுவதற்காக ஒரு ஆர்.வி. (இத்தகைய வீட்டு வண்டிகளுக்கான) பட்டறையில் விட்ட டீசல் வண்டி, எஞ்சின் கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. பில்லில் எழுதிய மாடல் ஒன்று, மாட்டியது வேறொன்று. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே செய்த வேலையை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு யாரும் உங்கள் வண்டியிலும் செய்யலாம்.

பல மோட்டார்ஹோம்களில் வாட்டர் ஹீட்டருக்கு மூன்று வழியில் சூடு வரும்: கேஸ், 120 வோல்ட் கரன்ட், மூன்றாவதாக எஞ்சின். வண்டி ஓடும்போது சூடான கூலன்ட் இரண்டு ஹோஸ் வழியாக ஹீட்டர் டேங்கை ஒட்டிய குழாயில் சுற்றிவரும். வண்டி போய்ச் சேரும்போது குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். சப்அர்பன் கம்பெனி இதை மோட்டார் எய்ட் என்கிறது. அதன் 6 கேலன் மாடலில் எஸ்.டபிள்யூ.6.டி.இ.எம். என்றால் இந்த வசதி உண்டு. கடைசி ‘எம்’ இல்லாமல் எஸ்.டபிள்யூ.6.டி.இ. என்றால் கேஸும் கரன்டும் மட்டும்தான். ஆட்வுட் ஹீட்டரில் ‘எச்’ என்ற எழுத்தைத் தேடுங்கள்: ஜி.சி.எச்.6.ஏ-10.இ.

ஏமாற்று இங்கேதான் நடந்தது. எஸ்டிமேட்டிலும் பில்லிலும் ‘எம்’ மாடலின் பெயரும் விலையும் இருந்தன. வண்டியில் இருந்தது ‘எம்’ இல்லாத மாடல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே கதவு, ஒரே அளவு. வித்தியாசம் தெரியவே தெரியாது. கதவைத் திறந்து ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் படித்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

புது ஹீட்டரில் கூலன்டுக்கு இடமே இல்லை என்பதால், பழைய ஹீட்டரிலிருந்து கழற்றிய இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். அப்படி இணைப்பதே தவறு என்று சொல்லவில்லை. 5/8 இன்ச் பித்தளை இணைப்பானும் இரண்டு நல்ல கிளாம்பும் போட்டு, வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் அது ஒழுங்கான வேலை. கட்டிலுக்கு அடியில் பலகையை எடுத்துப் பார்த்தபோது அங்கே இருந்தது தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்குப் போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் இணைப்பான். கூலன்ட் 90 டிகிரி செல்சியஸைத் தொடும், அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. வரை போகும். பிளாஸ்டிக் இளகி, இணைப்பு கசிந்து, பலகையும் கார்ப்பெட்டும் ஊறிப்போயிருந்தன. உள்ளே ஏறினாலே இனிப்பு கலந்த வாடை. வண்டிக்குள் அந்த வாடை வந்தால் கூலன்ட் கசிகிறது என்று அர்த்தம்.

இணைப்புக்கு ஒரு சாண் தள்ளி ஹோஸைச் சுற்றி இரண்டு வரிசைப் பல்தடம். கூலன்டை நிறுத்த வைஸ் கிரிப் என்ற பல்லுள்ள இடுக்கியால் நேரடியாகக் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். ஹோஸின் உள்ளே நூல்வலை இருக்கிறது. பல் பதிந்தால் அது அறுந்து, இன்று தாங்கினாலும் என்றோ ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். இதற்கென்றே வழுவழுப்பான வாய் உள்ள ஹோஸ் பிஞ்ச் பிளையர் விற்கிறது. நீல நிறச் சிலிக்கான் ஹோஸாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: சாதாரண கிளாம்பின் ஓட்டைகள் அதை வெட்டிவிடும், உள்பக்கம் மூடிய கிளாம்ப்தான் போட வேண்டும்.

அடுத்தது கூலன்ட் கணக்கு. பில்லில் ‘கூலன்ட் ஃப்ளஷ், 4 கேலன்’, அதாவது சுமார் 15 லிட்டர். 5/8 இன்ச் ஹோஸில் 10 மீட்டருக்கு 2 லிட்டர்தான் பிடிக்கும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு ஹீட்டரைக் கழற்றினால் வெளியே போவது அதிகபட்சம் ஒன்றிரண்டு லிட்டர். பின்பக்க டீசல் எஞ்சின் வண்டியின் மொத்தக் கொள்ளளவோ பெரும்பாலும் 10 கேலனைத் தாண்டும். அதாவது 4 கேலன் என்பது நிரப்பிச் சரிசெய்ய மிக அதிகம், முழுவதும் மாற்ற மிகக் குறைவு. இப்படி எந்தக் கணக்கிலும் சேராத எண் பில்லில் இருந்தால் அங்கேயே நின்று விளக்கம் கேளுங்கள்.

உண்மையில் ஊற்றியது கொஞ்சம்தான், அதுவும் தவறான சரக்கு. எஞ்சினில் இருந்தது சிவப்பு நிற நீண்டகாலக் கூலன்ட். மேலே ஊற்றியது கார்களுக்கான பச்சை. நிறத்தை நம்பாதீர்கள், அதற்கு ஒரு பொது விதி கிடையாது. கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏ.எஸ்.டி.எம். டி3306 என்ற தரக் குறியீடு மட்டும் இருந்தால் அது காருக்கு. கனரக டீசலுக்கு டி6210, கூடவே உங்கள் எஞ்சின் புத்தகம் சொல்லும் ஸ்பெக். வெட் லைனர் (கூலன்ட் நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள டீசல் எஞ்சினில் லைனர் அதிரும்போது கூலன்டில் குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். அதைத் தடுப்பது கூலன்டில் உள்ள சேர்மானம்தான். எஞ்சின் கம்பெனியான கேட்டர்பில்லர் தன் நீண்டகாலக் கூலன்டில் மற்ற கூலன்ட் 10 சதவீதத்துக்கு மேல் கலக்கக்கூடாது என்கிறது. தண்ணீர்க் குழாய்களைக் குளிர்காலத்தில் காக்க ஊற்றும் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸை எஞ்சினில் ஊற்றவே கூடாது.

போதாக்குறைக்குக் காற்றையும் வெளியேற்றவில்லை. டேஷ்போர்டு ஹீட்டரில் குளிர்காற்று, உள்ளே களகள சத்தம், வெப்பமுள் ஏறி இறங்குவது எல்லாம் காற்று அடைத்ததன் அடையாளம். எஞ்சின் பின்னால், டேஷ் ஹீட்டர் முன்னால் உள்ள நீள வண்டியில் காற்று தானாக வெளியேறும் என்று விட்டுவிடக்கூடாது.

முறையாகச் செய்தால் இந்த வேலை ஒன்றும் கஷ்டமில்லை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கேஸ், 120 வோல்ட் பிரேக்கர், 12 வோல்ட் ஃபியூஸ், தண்ணீர் பம்ப் நான்கையும் நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டு, டேங்கை வடிக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தம் போனதும் திரும்ப மூடிவிட வேண்டும். மூடி இருந்தால் கூலன்ட் மெதுவாகத்தான் ஒழுகும். எஞ்சின் அருகே ஹீட்டர் லைனுக்கு வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பிஞ்ச் பிளையரே தேவைப்படாது. கழற்றும் முன் எது வரும் ஹோஸ், எது போகும் ஹோஸ் என்று டேப் ஒட்டிக் குறித்து, சுத்தமான பாத்திரத்தில் வடித்து அளக்க வேண்டும். வடிந்த அளவே திரும்ப ஊற்ற வேண்டிய அளவு.

மாட்டும்போது ஹோஸ்களில் முன்கூட்டியே கூலன்ட் நிரப்பிவிட்டு இணைத்தால் காற்று பாதி குறையும். பிறகு டேஷ் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓட்டி, ஆறியபின் அளவு பார்த்து நிரப்ப வேண்டும். தேவைப்பட்டால் இதையே இன்னொரு முறை. கலவை 50க்கு 50, காய்ச்சி வடித்த தண்ணீரில். அது மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. இந்தச் சோதனை முழுவதும் ஹீட்டரைச் சுவர் ஓட்டைக்குள் தள்ளிச் சீல் செய்யும் முன்பே நடக்க வேண்டும். சீல் செய்துவிட்டால் பல வண்டிகளில் அந்த மூலைக்குக் கையே எட்டாது. கரன்ட் பிரேக்கரைப் போடுவது கடைசி. டேங்கில் தண்ணீர் இல்லாமல் போட்டால் எலிமென்ட் எரிந்துவிடும்.

‘எம்’ மாடலையே வாங்கிப் போடுகிறவர்கள் வெந்நீர் லைனில் மிக்ஸிங் வால்வு (குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். கேஸில் ஓடும்போது தெர்மோஸ்டாட் சுமார் 54 டிகிரியில் நிறுத்திவிடும். எஞ்சின் கூலன்டை அது நிறுத்தாது. நீண்ட பயணத்துக்குப் பின் குழாயைத் திறக்கும் குழந்தையின் கை வெந்துவிடும்.

வண்டியை ஒப்படைக்கும் முன் எஸ்டிமேட்டில் முழு மாடல் எண், கூலன்டின் பெயர், ஊற்றும் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். பின்பக்க இணைப்பைச் சீல் செய்யும் முன் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். பழைய ஹீட்டரையும் திருப்பிக் கேளுங்கள். எடுக்கப் போகும்போது ரிஃப்ராக்டோமீட்டரில் (கூலன்ட் கலவையின் விகிதத்தைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு கூலன்டை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வடித்த கூலன்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூடிபோட்ட கேனில் வைத்து, உங்கள் கவுன்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தரையில் தேங்கியதை நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.