நுனி கிழிந்த அந்த ஒரே இலை

“அக்கா, நீங்க வச்சிருக்கிற அந்த இயற்கை பிரஷ் செட் இப்போ பாதி விலைக்கு வருது. வாங்கிடவா?” என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். என்னைப் போல அட்டைப்படம் வரைகிறவர். உடனே பதில் போட உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்ததில் அரைமணி நேரம் போய்விட்டது. மூன்று வருடமாகத் தினமும் கையில் இருக்கிற பொருளைப் பற்றி ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மேகம், பாறை, தண்ணீர், இலை என்று இயற்கைக் காட்சி வரைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிற டிஜிட்டல் பிரஷ்களின் தொகுப்பு அது. செட்டில் என்னென்ன இருக்கிறது என்பதை விற்கிற இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் ஃபோட்டோஷாப்பில் பேனா டேப்லெட் வைத்து வரைகிறேன். வாங்கியபோது ₹2,400.

மேகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. ஐப்பசி வானம் வரைய வேண்டுமென்றால் இன்றைக்கும் என் கை போவது இந்த செட்டின் மேக பிரஷ்ஷுக்குத்தான். பேனாவை லேசாக வைத்தால் பஞ்சைப் பிய்த்தது போல ஒரு கீற்று விழும். அழுத்தினால் விளிம்பு கனத்து நிற்கும். அழுத்தத்துக்கு ஏற்ப ஃப்ளோ, அதாவது நிறம் இறங்குகிற வேகம், மட்டும் மாறுகிற மாதிரி அமைத்து, பிரஷ்ஷின் அளவை அப்படியே விட்டிருக்கிறார்கள். செய்தவர் வானத்தை நின்று பார்த்தவர் என்று அந்த ஒரு விஷயத்திலேயே தெரிகிறது. குவிமேகத்துக்கு அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மேலே ஏறுகிற காற்று ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் குளிர்ந்து நீர்த்துளியாகிறது, அதனால் அந்தத் தட்டை. அதை மட்டும் நாம் ஒரு இழுப்பில் வழித்துவிட வேண்டும். மிச்சத்தை பிரஷ்ஷே பார்த்துக்கொள்ளும். பாறை பிரஷ்ஷும் நல்ல உழைப்பு. தண்ணீர் பிரஷ்களை முதல் வாரத்துக்குப் பிறகு தொடவே இல்லை. குளத்தில் தெரிவது வானமும் கரையும்தானே, அவற்றைத் தலைகீழாகப் போட்டுக் கொஞ்சம் கலைத்துவிட்டால் தண்ணீர் வந்துவிடுகிறது.

எனக்கு ஆத்திரம் இலையில்.

இலை பிரஷ்ஷின் அச்சில், அதாவது அது திரும்பத் திரும்பப் பதிக்கிற படத்தில், மொத்தம் ஐந்து இலைகள். இடமிருந்து இரண்டாவது இலைக்கு நுனி கிழிந்திருக்கும், புழு கடித்த மாதிரி. முதல் ஒரு மாதம் நான் கவனிக்கவில்லை. ஒருமுறை கண்ணில் பட்டதோடு சரி, அப்புறம் வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அச்சைக் கோணம், அளவு, இடம் மாற்றிப் போடுகிற அமைப்புகளை எல்லாம் முயன்றேன். ஆங்கிள் ஜிட்டரை 100% ஆக்கினேன். சைஸ் ஜிட்டரை ஏற்றினேன், ஸ்கேட்டரை அகட்டினேன், ஃபிளிப் போட்டேன், இன்னொரு அச்சைக் கூடச் சேர்க்கிற டூயல் பிரஷ்ஷும் போட்டுப் பார்த்தேன். கிழிசல் தலைகீழாக வந்தது, சாய்ந்து வந்தது, சின்னதாக வந்தது. வராமல் மட்டும் இருக்கவில்லை. ஒரு நாள் வரைந்து முடித்த மரத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி எண்ணினேன். தெளிவாகத் தெரிந்தவை மட்டும் 43.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோட்டோஷாப் பிரஷ்ஷின் அச்சு என்பது கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு படம். கறுப்பு இருக்கிற இடத்தில் நிறம் விழும், வெள்ளை இருக்கிற இடத்தில் விழாது. நான் முயன்ற ஜிட்டர், ஸ்கேட்டர், ஃபிளிப் எல்லாம் அந்த ஒரே படத்தைத் திருப்பியும் சுருக்கியும் தள்ளியும் போடுவதற்குத்தான். ஆகவே அச்சில் கண்ணை இழுக்கிற அடையாளம் எதுவும் இருக்கவே கூடாது. பிரஷ் செய்து விற்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. செட்டைச் செய்தவர்களுக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதன்பிறகு இரண்டு முறை அப்டேட் வந்துவிட்டது. புதிதாக மேப்பிள் இலை வந்தது, ஊசியிலை மரம் வந்தது. கிழிந்த இலை அப்படியே இருக்கிறது.

இதற்கு நடுவில்தான் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை வரையும் வேலை வந்தது. முற்றத்தில் ஒரு வேம்பு, அடியில் கயிற்றுக் கட்டில். இலைக்கு இந்த பிரஷ்ஷைத்தான் போட்டேன், கிழிசல்களை ஒவ்வொன்றாக மூடினேன். எழுத்தாளர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர், வயதானவர். படத்தைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

“மரம் நல்லா வந்திருக்கும்மா. ஆனா எனக்கு வேம்பாத் தெரியலையே.”

“எது மாத்தணும் ஐயா? நிறமா?”

“நிறம் இல்லம்மா. வேம்புல இலை இப்படி எல்லா எடத்துலயும் ஒண்ணு போல நிக்காது. கொப்பு நுனியிலதான் கொத்தா நிக்கும். உள்ள வெறும் கொப்பு தெரியும், வானம் தெரியும்.”

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. பங்குனிக் கடைசி, கொப்பு நுனிகளில் மட்டும் செம்பு நிறத்தில் கொழுந்து. நிறத்தைத் தானாக மாற்றிப் போடுகிற கலர் ஜிட்டர் போட்டால் அந்தச் செம்பு நிறம் மரம் முழுக்கச் சிதறும், ஆனால் மரத்தில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.

ஒரு கொத்தை ஒடித்து வந்து, செய்தித்தாளில் வைத்துப் பஞ்சாங்கத்தை மேலே வைத்து ஒரு ராத்திரி அழுத்தி, ஸ்கேன் செய்தேன். அப்போதுதான் இலையையே சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிற்றிலையும் அரிவாள் மாதிரி வளைந்து, ஓரம் ரம்பப் பல்லாக, காம்புப் பக்கம் ஒரு பாதி அகன்றும் மறுபாதி குறுகியும் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே அச்சாக்கிப் போட்டால் மரம் வரவில்லை, தாவரவியல் நோட்டில் ஒட்டிய இலைகள் மாதிரி வந்தது. மரத்தில் எல்லா இலையும் முகத்தை முழுசாக நமக்குக் காட்டுவதில்லை. பாதிக்கு மேல் பக்கவாட்டில், வெறும் கோடாகத்தான் தெரிகின்றன. மறுபடி உட்கார்ந்து ஏழு அச்சு செய்தேன். அதில் மூன்று வெறும் வளைந்த கீற்று.

ஏழையும் கிரிட்டாவில் ஒரே பிரஷ்ஷாகச் சேர்த்தேன். கிரிட்டா என்பது படம் வரைகிற இன்னொரு மென்பொருள், இலவசம். அதில் ஜிஐஹெச் என்ற வகை அச்சுக்குள் பல படங்களை அடுக்கி, ரேண்டம் என்று கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை எடுத்துப் போடும். மரத்தை அங்கே வரைந்து, ஃபோட்டோஷாப்பின் கோப்பு வகையான பிஎஸ்டியாகச் சேமித்து, ஃபோட்டோஷாப்பில் திறந்து மேகத்தைப் போடுகிறேன். நிழல் பக்கத்து இலைகளை முதலில் ஒரே கனமாகப் போட்டுவிட்டு, வெயில் ஊடுருவி மஞ்சள் பச்சையாகத் தெரிகிற கொத்துகளை நுனியில் மட்டும் எண்ணி வைக்கிறேன். ஐயாவுக்கு அனுப்பினேன். “இப்போ கட்டில்ல படுக்கலாம்” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

தம்பிக்கு வருகிறேன். மேக பிரஷ் ஒன்றுக்கே அந்தப் பணம் தகும். நான் கொடுத்த ₹2,400 முதல் இரண்டு அட்டையிலேயே திரும்பி வந்துவிட்டது. இன்று ராத்திரியும் அதைத்தான் திறக்கப் போகிறேன். ஆனாலும் வாங்காதீங்க தம்பி. கிழிந்த ஒரு இலையை மாற்றித் தர மூன்று வருடம் போதாதவர்களுக்கு, பாதி விலை கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. வேப்பிலை பிரஷ்ஷை உங்களுக்கு அனுப்பிவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை மட்டைக்கு ஒற்றைக் கீற்று அச்சை வைத்து, கோணத்தை பேனா போகிற திசைக்குக் கட்டிவிட்டால் வந்துவிடுகிறது. பனைதான் இன்னும் பிடிபடவில்லை. விசிறி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கிறது, நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பது மடிப்பும் மட்டையுமாக வேறு வடிவம். பத்து அச்சு செய்து பார்த்துவிட்டேன். இப்போதைக்குப் பனையை ஓலை ஓலையாகக் கையாலேயே வரைகிறேன்.