காரங்காட்டுப் படகுப் பயணம்: இந்த மே மாதமும் முதல் நாள் அங்கேதான்

மண்டபத்தில் மீன் பதனிடும் நிறுவனம் ஒன்றில் நான் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் 31-இல் ஆண்டுக் கணக்கை முடிக்கும்வரை, விளக்கேற்றும் நேரத்துக்குள் வீடு திரும்பிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கும். சரக்கு வரத்து குறைவதால், எங்களைப் போன்றவர்கள் தயங்காமல் விடுப்புக் கேட்கக்கூடிய காலம் அது ஒன்றுதான். இந்த மே மாதம் சென்னையிலிருந்து தம்பியின் குடும்பமும் வருகிறது. ஒன்பது பேராக மூன்று நாள் சுற்றப் போகிறோம். முதல் நாளைக் காரங்காட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். சென்ற ஆண்டு இதே தடைக்காலத்தில் நாங்கள் ஐவர் அங்கே போய்வந்ததே இந்த முடிவுக்குக் காரணம்.

காரங்காடு, இராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரிந்து போனால் வரும் மீனவர் கிராமம். அங்கே கடலோரச் சேற்றில் வளர்ந்திருக்கும் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். துடுப்புப் போட்டுத் தாமே செல்ல விரும்புவோருக்குச் சிறு படகுகளும் உண்டு. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மதிய உணவும் கிடைக்கும்.

சென்ற ஆண்டு நாங்கள் படகில் ஏறியபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வாடகை வேன் எட்டரைக்குத்தான் வந்தது. தாமதத்துக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், பேசியதற்கு மேல் பணமும் கேட்டார்கள். ஓராண்டு உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் ஒரு காலைப்பொழுது எவ்வளவு அருமையானது என்பதை உணராமல் நடந்துகொண்டது எனக்கு உண்மையாகவே வலித்தது. மே மாத வெயிலில் பத்து மணிக்கு மேல் படகில் அமர்வது முதியவர்களுக்கு எளிதன்று. ஆகையால் இம்முறை வேறொரு வண்டியைப் பேசி, ஆறு மணிக்கே புறப்படுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

ஆனால், படகு காட்டுக்குள் நுழைந்தபின் அந்த எரிச்சல் தங்கவில்லை. எல்லோருக்கும் மிதவை உடை மாட்டி, வார் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்த பிறகே படகோட்டி புறப்பட்டார். என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் ஏறும்போது படகு ஆடாமல் இருக்க, படகோட்டி தண்ணீரில் இறங்கி நின்று பிடித்துக்கொண்டார். கால்வாய் குறுகும் இடத்தில் இருபுறமும் பச்சைச் சுவர்போல மரங்கள் நெருங்கி வந்தன. தண்ணீர் வற்றிய நேரம் என்பதால், சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் தெரிந்தன. சேற்றுக்குள் காற்று புகாததால், அந்த மரங்கள் வேரை வெளியே நீட்டி மூச்சு வாங்குகின்றன என்று படகோட்டி விளக்கினார்.

பிறகு அவர் படகை ஒரு கிளையோரம் நிறுத்தி, ஆறு வயதான என் மகளிடம், "இலைய விரலால தடவி நாக்குல வச்சுப் பாரு பாப்பா" என்றார். அவள் தடவிப் பார்த்த இலையின் மேல் வெயிலில் மின்னும் பொடிபோல உப்புப் படிந்திருந்தது. கடல்நீரை உறிஞ்சும் மரம், வேண்டாத உப்பை இலை வழியே கசியவிடுகிறது. நாக்கில் வைத்ததும் அவள் முகம் சுளித்தாள். உடனே இன்னொரு இலையைத் தேடினாள். அடுத்துத் தன் பாட்டிக்கும் விரலை நீட்டினாள். "உப்பளத்துல நின்ன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, மாமியார் நெடுநேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்து முடிக்கும்வரை படகோட்டி காத்திருந்தார். 'நேரமாகிவிட்டது' என்று ஒரு முறைகூட அவர் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் அவசரப்படுத்தக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த அமைதி பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுக்கும் காலத்தில் தெற்கே மன்னார்ப் பக்கம் அலை எழும்பும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பொதுவாக அடங்கியிருக்கும். காரங்காடு அந்த வடகரையில், அதுவும் காட்டின் மறைவில் இருப்பதால், குழந்தைகளையும் முதியவர்களையும் மே மாதத்தில் படகேற்ற அதுவே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

படகு ஏறுமுன்பே சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்திருந்தோம். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை என்பதால் மீனுக்குக் குறைவில்லை. நண்டுக் குழம்பில் மிளகாயின் காரம் சற்றுத் தூக்கலாகவே இருந்தது. குழந்தைகளுக்குக் காரம் குறைத்துத் தனியாகச் செய்துதரும்படி இம்முறை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வறுத்த இறாலைப் பற்றி என் கணவர் இன்னமும் பேசுகிறார். பரிமாறிய அக்கா, மாமியாருக்கு முள் எடுத்த மீன் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

குறையென்று சொல்வதானால், படகில் நிழல் கிடையாது. தொப்பியும் குடிநீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். நீர் ஏற்றமும் வற்றமும் பார்த்துப் போவதும் நல்லது. வேர்களைப் பார்க்க வேண்டுமானால் வற்றத்தில்தான் போக வேண்டும். போகும் வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தையும், உப்பூர் வெயிலுகந்த விநாயகரையும் வணங்கிச் செல்லலாம்.

மறுநாள் இராமேசுவரத்துக்கு இரயிலில் போவதாகத் திட்டம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றபின், 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கும்வரை வண்டிகள் இராமேசுவரம்வரை போகவில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் அந்தப் பாலத்தைத் தம்பி பிள்ளைகள் இன்னும் பார்த்ததில்லை.

இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், மே 9-ஆம் தேதி வண்டிக்குத் தம்பி மார்ச் 10 காலை எட்டு மணிக்கே செல்பேசியுடன் உட்கார்ந்து நான்கு இடமும் பிடித்துவிட்டான். அன்று அலுவலகத்தில் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே அவனுடைய குறுஞ்செய்தியைப் படித்தபோது, எஞ்சிய மூன்று வாரங்களையும் கடந்துவிடலாம் என்ற தெம்பு வந்தது. மகள் இப்போதே உப்பு இலையைப் பற்றித் தன் மாமா மகனிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்கிறாள், அவன் நம்பவில்லையாம். முதலில் அவன் விரலைத்தான் இலையில் தடவ வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.