அறுகம்பையில் ஸ்கூட்டி எடுக்கப் போகும் பயிற்சிப் பையன்கள் கவனத்துக்கு

அம்பாறையில் இராணுவ மொழிப் பயிற்சிக்கு வந்திருப்பவர்களுக்கு எழுதுகிறேன். அறுகம்பையில் ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்தால் அடையாள அட்டையைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். ஆமி தந்த சேவை அட்டை என்றால் காட்டவே வேண்டாம். நான் கொடுத்தேன், 15,000 ரூபாய் போனது. கடையின் பெயரைப் போடவில்லை. என் பெயரையும்தான், காரணம் போகப் போகப் புரியும்.

நான் வவுனியாப் பக்கம். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ்தான், ஆமியில் சேர்ந்த பிறகே சிங்களம் ஒழுங்காகக் காதில் விழுந்தது. அதனால் மூன்று மாத வகுப்புக்கு அனுப்பினார்கள். பக்கத்து அறையில் சிங்களப் பையன்கள் தமிழ் படிக்கிறார்கள். இரவில் அவர்கள் 'ழ'வோடு மல்லுக்கட்டுவார்கள், நாங்கள் அவர்களுடைய எழுத்துகளின் வளைவுகளோடு. குருநாகல் பையன் ஒருவன் எனக்குக் கூட்டாளி. சனி, ஞாயிறு அவனோடுதான் சுற்றுவேன். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகு எடுத்து, தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்த்தோம். படகுக்காரர் பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். தனியாகவே கிளம்பினேன். அக்கரைப்பற்றில் பஸ் மாறி, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில், அங்கிருந்து ஓட்டோ. ஸ்கூட்டிக் கடைக்காரர் நல்ல தமிழ் பேசினார். ஒரு நாளைக்கு 2,500. "முற்பணம் ஒண்டும் வேணாம் தம்பி, ஐ.சி.ய மட்டும் வச்சிட்டுப் போங்க" என்றார். என் கையில் இருந்தது சேவை அட்டைதான். அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கேம்ப் பொடியனா? ஞாயிறு எத்தின மணிக்குத் திரும்பணும்?" அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்து, ஆறு மணி என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ஒரு தாளை நீட்டினார். சிங்களத்தில் கையால் எழுதியிருந்தது. ஆறு வாரம் படித்தவன், எழுத்துக் கூட்டி வாசித்திருக்கலாம். கடல் தெரிந்துகொண்டிருந்தது, கையெழுத்துப் போட்டு என் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அன்றைய சுற்றலில் ஒரு குறையும் இல்லை. பாணமை வரை போய், அதைத் தாண்டிப் புழுதி ரோட்டில் உகந்தை முருகன் கோயிலுக்கும் போனேன். ஆடிவேல் விழாவுக்குப் போகும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் குமணக் காட்டுக்குள் இறங்குவது அங்கிருந்துதான். நான் போன நேரம் குரங்குகளைத் தவிர யாருமில்லை.

ஞாயிறு இரண்டு மணிக்கு ஸ்கூட்டியை ஒப்படைக்கப் போனால் கடையில் வேறு ஆள். தமிழ் தெரியாதாம். அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகக் குந்தி, சைலன்சர் தகட்டின் அடியில் கையை விட்டு, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குனிந்து பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், அதற்குள் துரு. நேற்றைய கீறலுக்குள் இன்றைக்குத் துரு எப்படி வரும்? சைகையில் காட்டிக் கேட்டேன். கடற்கரைதானே, இங்கே எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்றார். அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

இது முன்னமே இருந்தது என்று சொல்ல வேண்டும். தமிழில் 'முன்' என்றால் நேரத்துக்கும் ஆகும், இடத்துக்கும் ஆகும். பதற்றத்தில் சிங்களத்திலும் அப்படியே 'இஸ்ஸரஹ திபுணா' என்றேன். அதற்கு அர்த்தம், முன்பக்கம் இருந்தது. மனுசன் எழும்பி வண்டியின் முன்னால் போய், விளக்கையும் மட்காட்டையும் தடவிப் பார்த்து, "மெஹே நே" என்றார். இங்கே இல்லையாம். இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

கேட்டது 25,000. பொலிஸுக்குப் போகலாம்தானே என்பீர்கள். சேவை அட்டையை அந்நியனிடம் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? கேம்புக்குத் தெரிந்தால் தண்டனை. ஆறு மணி தாண்டினாலும் தண்டனை. அட்டை அவருடைய லாச்சிக்குள். நேரம் மூன்றாகிவிட்டது, அக்கரைப்பற்றில் பஸ் வேறு மாற வேண்டும். அவருக்கு அவசரமே இல்லை, கதிரையில் சாய்ந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். கெஞ்சி 15,000க்கு இறக்கினேன். கையில் 9,000 இருந்தது, மிச்சத்தைக் காய்ச்சல்காரன் கட்டிலில் படுத்தபடியே போனில் அனுப்பினான். ரசீது கேட்டேன், தரவில்லை.

அட்டை இல்லாமல் தரமாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், காசை முற்பணமாக வாங்கும் இடங்களும் உண்டு. எடுக்கும்போதே கடைக்காரர் பார்க்க வண்டியைப் போனில் வீடியோ எடுங்கள், குனிந்து அடிப்பக்கத்தையும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டால், திங்கட்கிழமை என்று சொல்லுங்கள்.

அன்றிரவு அந்தத் தாளை விரித்து எழுத்துக் கூட்டினேன். 'சீ... ரீம்... நெத.' கீறல்கள் இல்லை. வகுப்புக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் சிங்கள வசனம் அதுதான். குருநாகல்காரன் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, 'இஸ்ஸரஹ' இல்லை மச்சாங், நேரத்துக்கு 'கலின்' என்று திருத்தினான்.

திங்கட்கிழமை வகுப்பில் வார இறுதியைப் பற்றி ஒரு வசனம் எழுதச் சொன்னார்கள். 'மே சீரீம கலின் திபுணா', இந்தக் கீறல் முன்னமே இருந்தது, என்று எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் சிவப்புப் பேனையால் சரி போட்டார்.