1,850 ரூபாய்க்கு இரண்டு சிலிக்கான்

கிட்டாருக்கு ஃபஸ் பெடல், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலால் இயக்கும் பெட்டி, சொந்தமாகச் செய்யலாம் என்று இறங்கி, ‘ஏசி128, அசல் ஜெர்மானியம், பொருத்தம் பார்த்த ஜோடி’ என்று ஜெர்மானியத்தால் செய்த பழைய டிரான்சிஸ்டர்களை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரு ஜோடிக்கு 1,850 ரூபாய் கொடுத்தேன். வந்தது ஜெர்மானியமே இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. பொருளைத் திருப்பி அனுப்பக் கடைக்காரர் வைத்திருந்த கெடுவோ ஏழே நாள்.

இந்தக் காலத்தில் ஜெர்மானியம் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ்தான் காரணம். தோசைக்கல் மாதிரி வட்டமாக, ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்த பெடல் அது. உள்ளே திறந்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (திருகும் குமிழ்), ஒரு 9 வோல்ட் பேட்டரி. முடிந்தது கதை. ஆரம்பத்தில் வந்தவற்றில் ஜெர்மானிய டிரான்சிஸ்டர், பின்னால் சிலிக்கான். சிலிக்கானை மட்டம் என்று சொல்லமாட்டேன், அது வேறு குரல். எனக்கு வேண்டியிருந்தது பழைய குரல்: கொஞ்சம் மொத்தையாக, கம்பளி போர்த்திய மாதிரி, கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் இரைச்சல் அடங்கித் தெளிவாகிவிடும்.

டிரான்சிஸ்டர், பெட்டி, ஃபுட் ஸ்விட்ச் தவிர மற்ற சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. டிரான்சிஸ்டர் மட்டும் இணையத்தில் வாங்கினேன். சின்ன பிளாஸ்டிக் கவர், அதன் மேல் பச்சை இங்க்கில் கையால் ‘75’, ‘115’ என்று எழுதியிருந்தது. இரண்டின் கெயினும், அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்ற அளவும், அதுதான் என்று அர்த்தம். இந்த சர்க்யூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது. கையெழுத்தைப் பார்த்ததுமே, யாரோ ஒரு பெரியவர் மேசை விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து எழுதியதாக நானே ஒரு படம் ஓட்டிக்கொண்டேன்.

உடனே சோதிக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு. அலுவலக வேலை, பெட்டிக்குத் துளை போடுவது என்று மூன்று வாரம் போய்விட்டது. நான்காம் வாரம்தான் வெரோ போர்டில் (துளைகள் போட்ட சர்க்யூட் பலகையில்) ஈயம் வைத்தேன். கிட்டாரைச் செருகி ஒரு தட்டு தட்டினால், தகரக் கொட்டகையில் ஆணி தேய்த்த மாதிரி ஒரு சத்தம். வால்யூமைக் குறைத்தாலும் கூர்மை போகவில்லை. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஆம்ப்ளிஃபயரில் மெல்லிசாக யாரோ பேசுவது கேட்டது. பெடல் ரேடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! கெயின் அதிகமான சிலிக்கான் ஃபஸ்களில் இது சகஜம் என்று இப்போது தெரியும். அன்றைக்கு என் வயரிங்கைத்தான் திட்டிக்கொண்டேன்.

மல்டிமீட்டர் என்னவோ முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டது. டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும், 2.6 காட்டியது. 8.2 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கே டிரிம்மர், அதாவது திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர், வைத்துத் திருகி 4.5-க்குக் கொண்டுவந்தேன். சத்தம் கொஞ்சம் சமாதானமானது, ஆனால் குரல் மாறவில்லை. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மட்டும் 1.3 அப்படியே நின்றது. அந்த இடத்தில் இருப்பது கிட்டத்தட்ட இரண்டு பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜின் கூட்டுத்தொகை. ஜெர்மானியமாக இருந்தால் அதில் பாதிதான் வரும். எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டு வார இறுதிகளை ஈயத்தை உருக்கி உருக்கி எடுப்பதிலேயே தொலைத்தேன்.

கடைசியில் எங்கள் ஏரியாவில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் போர்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “டயோடுல வச்சுப் பாத்தியா தம்பி?” என்றார். டிரான்சிஸ்டரைக் கழற்றி, மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, பேஸுக்கும் எமிட்டருக்கும் குத்தினார். 0.67 வோல்ட். “ஜெர்மானியம்னா இருநூறு மில்லிவோல்ட் சுமாருக்குத்தான் வரும். இது சிலிக்கான்.” பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அப்புறம் அவர் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். ‘ஏசி128’ என்ற எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் உப்புத்தாள் போட்ட கீறல்கள்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். “ஜெர்மானியம்தான் சார், உங்க மீட்டர்ல பேட்டரி மாத்திப் பாருங்க” என்று பதில் வந்தது. பேட்டரி மாற்றி மறுபடி படம் அனுப்பினேன். “ஈயம் வச்ச பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார், ஏழு நாளும் முடிஞ்சிடுச்சு. அடுத்த ஆர்டருக்குப் பத்து பர்சன்ட் தள்ளுபடி தரேன்.” அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது.

நீங்கள் வாங்கினால் கவரைப் பிரித்த அன்றைக்கே, ஈயம் படுவதற்கு முன், டயோடு சோதனை செய்துவிடுங்கள். பிரிப்பதை வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியம் என்று உறுதியான பிறகும் மீட்டரின் கெயின் துளையில் செருகி வரும் எண்ணை நம்ப வேண்டாம். பேஸை எதிலும் சேர்க்காவிட்டாலும் ஜெர்மானியத்தில் கொஞ்சம் மின்சாரம் கசியும், அந்தக் கசிவையும் கெயினோடு சேர்த்து எண்ணி மீட்டர் பெருமையடிக்கும். அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் எமிட்டர். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.2 கே-யும் 270 ஓமும் தொடராக. அந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் குறுக்கே வோல்ட் அளக்கும் மீட்டர். பேஸை எதிலும் சேர்க்காதபோது வருவது கசிவு. பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் கொடுத்ததும் எண் ஏறும். ஏறிய அளவை நூறால் பெருக்கினால் உண்மையான கெயின். அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், உடம்புச் சூட்டுக்கே கசிவு ஏறிவிடும். என்னுடைய இரண்டையும் வைத்துப் பார்த்தபோது கசிவு 0.00. கசியாத ஜெர்மானியம் என்பது சத்தம் போடாத மிக்ஸி மாதிரி.

பெட்டிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வார்ப்பு அலுமினியப் பெட்டி. ஸ்பிரே பெயின்ட் அடித்தால் சீக்கிரம் பெயரும் என்று அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தேன். அங்கே முக்கால்வாசி ஜன்னல் கிரில்லும் பைக் ரிம்மும்தான். ஒற்றைப் பெட்டிக்கு 600 ரூபாய், முன்பணமாக. “மரை, துளை, உள்பக்கம் எல்லாம் டேப் ஒட்டி மறைச்சிடுங்க” என்று மூன்று முறை சொன்னேன். “அதெல்லாம் பண்ணிடுவோம் சார்.” நாலு நாள் என்றது பதினெட்டு நாள் ஆனது. மாம்பழ மஞ்சள் கேட்டிருந்தேன், வந்தது ஸ்கூல் வேன் மஞ்சள். அதைக்கூட ரசித்துவிடலாம். மேல்பரப்பெங்கும் குண்டூசி குத்தியது போல் பொட்டுப் பொட்டாகக் குழி. வார்ப்பு அலுமினியத்துக்குள் அடைபட்டிருக்கும் காற்று சூளைச் சூட்டில் வெளியே வரும். அதனால் பவுடர் அடிப்பதற்கு முன் ஒருமுறை வெறும் பெட்டியைச் சூடேற்றி எடுக்க வேண்டும். அவர்கள் எடுக்கவில்லை.

டேப் எங்கேயும் ஒட்டவில்லை. திருகு மரைகளுக்குள் பவுடர் உருகி இறுகியிருந்தது, மூடி உட்காரவே இல்லை. ஜாக் துளைகளும் உள்பக்கமும் முழுக்க மஞ்சள். பார்க்க என்னவோ பூரணமாகத்தான் இருந்தது. ஆனால் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஜாக்கின் உலோகம் பெட்டியைத் தொட்டால்தான் பெட்டி கிரவுண்டோடு சேரும், வெளி இரைச்சலைத் தடுக்கும். ஜாக்குக்கும் பெட்டிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், பீப் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரில் போட்டால் ஒரே ஹம், பெட்டியில் கை வைத்தால் இன்னும் ஏறியது. பட்டறையில் போய்க் கேட்டதற்கு, “மறுபடி அடிச்சுத் தரோம், பாதி ரேட் குடுங்க” என்றார்கள். வேண்டாம் என்று எடுத்துவந்து, உருண்டை அரத்தாலும் உப்புத்தாளாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துளைகளைச் சுற்றிச் சுரண்டினேன். மரைகளைச் சுத்தம் செய்ய மரை வெட்டும் கருவியை இரவல் வாங்க வேண்டியிருந்தது. பட்டறையில் கொடுப்பதானால் டேப் ஒட்டும் வேலையை, வெயிலும் சூளையும் தாங்கும் பச்சை டேப் வாங்கி, வீட்டிலேயே செய்துவிட்டுக் கொடுங்கள்.

டிரான்சிஸ்டர் கடைசியில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. உடைந்த ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் போர்டு, 120 ரூபாய். அதில் இரண்டு ஏசி128. கால்கள் மங்கிக் கறுத்திருந்தன. இணையத்தில் வந்தவற்றின் கால்கள் நேற்றுச் செய்தது போல மின்னியதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஒன்றில் கசிவு 0.35, பேஸ் கொடுத்ததும் 1.17, ஆக கெயின் 82. இன்னொன்று 0.50-லிருந்து 1.66, அதாவது 116. அலிகேட்டர் கிளிப்பைக் காலில் மாட்டிச் சூடு மேலே ஏறாமல் பார்த்து ஈயம் வைத்தேன். முதல் கலெக்டரில் 0.7, இரண்டாவதில் டிரிம்மரைத் தொட்டதும் 4.5. வால்யூமைப் பாதிக்கு இறக்கினேன், இரைச்சல் அடங்கியது. சென்னை வெயிலுக்கு மட்டும் இதற்குக் கொஞ்சம் கோபம் வரும். பத்து டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் மத்தியானத்தில் ஒரு குரல், ராத்திரியில் ஒரு குரல். டிரிம்மருக்குப் பதில் வெளியே ஒரு குமிழே வைத்துவிட்டேன்.

நேற்று அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அதே படம், அதே கவர், பச்சை இங்க்கில் அதே 75, 115. விலை 2,100 ஆகியிருக்கிறது. ‘இன்னும் 2 ஜோடி மட்டுமே’ என்று போட்டிருக்கிறது.