மோடிஃபை பண்ணின வேனுக்கு எந்த இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி, மார்க்கெட் வேல்யூ, அக்ரீட் வேல்யூ

எங்க சித்தப்பா ஹட்டன்ல டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வேன் ஒன்னு வச்சி ஹயர் ஓடுறாரு. நுவரெலியா, எல்லன்னு சுத்த வர்றவங்க தூங்கிக்கிட்டே போகணும்னு சாயிற சீட்டு, டுவல் ஏசி, மேல கெரியர், உள்ளுக்கு முழுசா குஷன், பாட்டு செட்டுன்னு 3 வருசத்துல 15 லட்சத்துக்கு மேல போட்டாரு. பாலிசியில மட்டும் வாங்கினப்போ எழுதின அதே 50 லட்சம். போன வருசம் மழை நேரம் ரம்பொடை வளைவுல, பனிமூட்டத்துல சறுக்கி ரோட்டோர வடிகானுக்குள்ள இறங்கி ஒரு பக்கம் முழுசா போச்சி. சேதத்த பார்க்க வந்த இன்சூரன்ஸ் அசஸர் ஃபைல்ல இருந்த பழைய போட்டோவ காட்டி, "இந்த சீட்டு, ஏசி ஒன்னும் இதுல இல்லையே அண்ணே"ன்னு சொல்லிட்டாரு. சித்தப்பா ஒன்னும் பேசாம நின்னாரு, அத பார்க்க எனக்கு தாங்கல. அதுக்கு பொறகுதான் எந்த பாலிசியில என்ன கிடைக்கும்னு ஒவ்வொன்னா கேட்டு பார்த்தேன்.

தேர்ட் பார்ட்டி பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. சட்டப்படி கட்டாயம், அது இல்லாட்டி ரெவனியூ லைசன்ஸ் (வருசா வருசம் எடுக்கிற வாகன வரி பத்திரம்) எடுக்க ஏலாது, ஆனா அடுத்தவனுக்கு ஆன சேதத்துக்குத்தான் அது, உங்க வேனுக்கு ஒரு சதம் வராது. லீசிங்ல இருக்கிற வேன்னா ஃபுல் இன்சூரன்ஸ்தான் கேப்பாங்க. லீசிங் முடிஞ்ச, ஒன்னும் பெருசா செய்யாத பழைய வேனுக்கு மட்டும் யோசிக்கலாம்.

ஃபுல் இன்சூரன்ஸ்ல மார்க்கெட் வேல்யூன்னா பாலிசியில போட்ட தொகை, இல்லாட்டி விபத்து நடந்த அன்னைக்கு மார்க்கெட் விலை, ரெண்டுல எது குறைவோ அதுதான் கைக்கு வரும். நம்மாளுங்க மாட்டுறது இங்கதான். 2020 மார்ச்ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதும் வேன் விலை எங்கயோ போச்சி, பழைய தொகையிலேயே ரினியூ பண்ணினவங்களுக்கு அது பத்தல. 2025 பெப்ரவரியில திரும்ப திறந்துட்டாங்க, இனி உச்ச விலையில எழுதினவங்க கூடுதலா பிரீமியம் கட்டிட்டு, மார்க்கெட் இறங்கினா இறங்கின விலையத்தான் வாங்குவாங்க.

குறைச்சி எழுதினா பிரீமியம் மிச்சம்னு நினைக்காதீங்க. எவரேஜ் கிளோஸ் (குறைச்சி எழுதின அளவுக்கு கிளைம்லயும் வெட்டுற நிபந்தனை) உள்ள பாலிசின்னா சின்ன சேதத்துக்கும் வெட்டு விழும்: வேன் உண்மையில 100 லட்சம் பெறும், நீங்க போட்டது 60 லட்சம், ரிப்பேர் பில் 10 லட்சம்னு வைங்க, கிடைக்கிறது 6 லட்சம், மிச்சம் 4 உங்க பாக்கெட்ல இருந்து. எக்சஸ் (கிளைம்ல நீங்களே போட வேண்டிய பங்கு), பழைய பார்ட்சுக்கு கழிக்கிற டிபிரிசியேஷன் எல்லாம் அதுக்கு மேல வேற.

நடுவுல இன்னொரு வழி இருக்கு. அதே மார்க்கெட் வேல்யூ பாலிசியிலயே, செஞ்ச வேலைய ஒவ்வொன்னா பேர், விலையோட எழுதி சேர்த்துக்கிறது. பிரீமியம் கொஞ்சம் கூடும், ஆனா சீட்டு "இதுல இல்லையே"ன்னு யாரும் சொல்ல ஏலாது. போல்ட் அடிச்சி பூட்டினது வேனோட சேரும், கழட்டி எடுக்கிற கேஸ் குக்கர், டென்ட், மெத்தை எல்லாம் பெரும்பாலும் சேராது. ஏசி, குஷன் மட்டும் செஞ்சவங்களுக்கு இது போதும்னுதான் எனக்கு படுது.

அக்ரீட் வேல்யூன்னா வேல்யூவர் வேன பார்த்து ரிப்போர்ட் கொடுத்து, கம்பனியும் நீங்களும் ஒரு தொகைக்கு முன்னாலயே ஒத்துக்கிறது. வேன் முழுசா போனாலோ களவு போனாலோ அந்த தொகை, மார்க்கெட் விலை என்னன்னு அப்புறம் சண்டை இல்ல. பிரீமியம் கூட, எல்லா கம்பனியும் எல்லா வேனுக்கும் கொடுக்காது, ரினியூவலுக்கு ரினியூவல் தொகைய திருப்பி பேசணும். கதவு நெளிஞ்சது மாதிரி சேதத்துக்கு இதுல பெரிய வித்தியாசம் இல்ல, ரிப்பேர் செலவுதான். ஆனா கேம்பர் மாதிரி கட்டில், ரெண்டாவது பேட்டரி, சோலார்னு லட்சக்கணக்குல இறக்கினவங்க இத விட்டுட்டு வேற எதுக்கும் போகாதீங்க, ஏன்னா அப்பிடி ஒரு வேனுக்கு மார்க்கெட் விலைன்னே ஒன்னு கிடையாது, விளம்பரத்துல பார்க்கிற சும்மா டொல்பின் விலையத்தான் எடுத்து வைப்பாங்க.

எத எடுத்தாலும் ரெண்டு விசயத்துல ஏமாத்த ஏலாது. பிரைவட்னு போட்டுட்டு ஹயர் ஓடினா கிளைம் போச்சி. அடுத்தது சிஆர்ல (வேனோட பதிவுச் சான்றிதழ்) உள்ளதும் வேனும் ஒன்னா இருக்கணும், எஞ்சின் மாத்தினாலோ சீட்டு எண்ணிக்கை மாறினாலோ ஆர்எம்வில (மோட்டார் போக்குவரத்து திணைக்களம்) பதியாம இன்சூரன்ஸ்காரங்ககிட்ட போகாதீங்க.

மலைநாட்டுல ஓடுறவங்க மண்சரிவு, வெள்ளம் கவர்ல இருக்கான்னும் பாருங்க, சிலதுல தனியா காசு கட்டி சேர்க்கணும். டோவிங் எவ்வளவு வரைக்கும்னும் கேளுங்க. டவுன்ல ரோட்டோரம் நின்ன வேன இழுக்கிறதும், தேயிலை மலைக்கு கீழ விழுந்தத கிரேன் வச்சி தூக்குறதும் ஒரே செலவு இல்ல.

சித்தப்பா இந்த முறை அக்ரீட் வேல்யூவுக்கு மாறிட்டாரு. சீட்டுக்கும் ஏசிக்கும் பில் இருந்திச்சி, குஷனுக்கு இல்ல, அதனால குஷன் பாஸ்கிட்டயே போய் செஞ்ச வேலையையும் வாங்கின காசையும் எழுதி சைன் வாங்கினோம். வேல்யூவர் 78 லட்சம்னு போட்டாரு. உள்ளுக்கும் வெளியிலயும் எடுத்த போட்டோ அத்தனையும் பாலிசியோட சேர்த்து கம்பனிக்கு கொடுத்து, வாங்கிட்டோம்னு அவங்ககிட்ட கடிதமும் எடுத்து வச்சிருக்கோம்.